கடலில் மணலைக் கொட்டினார்கள், நகரம் முளைத்தது!

உவரித் தாய் துபாயில் கண்ட காட்சிகள்

உவரி, திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள ஊர்.

ஒரு பக்கம் சுயம்புலிங்க சுவாமி கோவில். இன்னொரு பக்கம் அந்தோணியார் கோவில். கப்பலின் உருவத்திலேயே கட்டப்பட்ட கப்பல் மாதா கோவிலும் உண்டு. எதிரே கடல். எந்த நேரமும் காற்று.

சுயம்புலிங்க சுவாமி கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள் கடலில் இறங்குவார்கள். ஓலைப்பெட்டியில் மணலை அள்ளுவார்கள். தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவார்கள். பிறகு மறுபடியும் கடலுக்குப் போவார்கள்.

அன்று காலையிலும் சிலர் அப்படி மணல் சுமந்து கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி நின்ற ஒரு மீனவத் தாய் நம்மிடம் சொன்னார்:

"இவங்க பெட்டியிலே கொட்டுறாங்க தம்பி. துபாயிலே கப்பல்லே கொட்டியிருக்காங்க. நான் என் கண்ணாலே பார்த்துட்டு வந்தேன்!"

நமக்கு ஆச்சரியம். "துபாய்க்கா போனீர்கள்?" என்று கேட்டோம்.

"ஆமா தம்பி. பத்து நாள். என் மவன் கூட்டிட்டுப் போனான்" என்றார். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. கூடவே ஏதோ ஒரு வருத்தமும் தெரிந்தது.

அந்த வருத்தம் என்ன? அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் அந்த நகரத்தைப் பார்ப்போம், வாருங்கள்!

4 மணி நேரத்தில்...

உவரிக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையங்களில் ஒன்று திருவனந்தபுரம். அங்கே விமானம் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் துபாய். உவரியில் இருந்து பஸ்சில் சென்னைக்குப் போவதை விடக் குறைந்த நேரம்தான்!

அங்கே இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பி வைக்க வேண்டும். நமக்குக் காலை 9 மணி என்றால், அங்கே ஏழரை மணி.

துபாய், ஐக்கிய அரபு அமீரகத்தின் 7 ஆட்சிப் பகுதிகளில் ஒன்று. இந்த நாடு உருவானது 1971-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் பாலைவனம். ஆறு கிடையாது. மழையும் அபூர்வம்.

அப்படியானால் குடிக்கத் தண்ணீர்? கடல் நீரில் இருந்து உப்பைப் பிரித்து எடுத்து, அதைத்தான் குழாயில் விடுகிறார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது அதிசயமாகத்தான் இருக்கும்.

முத்து குளித்த ஊர்

இன்று தங்கமாக மின்னும் துபாய், ஒரு காலத்தில் நம் கடற்கரை ஊர்களைப் போலத்தான் இருந்தது. ஓலைக் குடிசைகள், மீன்பிடிப் படகுகள், முத்துக் குளிப்பவர்கள்!

முத்து என்றதும் நமக்குக் கொற்கை நினைவுக்கு வரும். தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம் அது. கடல் பின்வாங்கியதால், இன்று கரையில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் நம் மக்கள் முத்துக் குளித்தார்கள். பாரசீக வளைகுடாவில் அரபு மக்கள் முத்துக் குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டி மூழ்குவதும், மேலே படகில் நிற்பவர் கயிற்றை இழுத்துத் தூக்குவதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

1930-ம் ஆண்டுகளில் அரபு மக்களின் முத்துத் தொழில் படுத்துவிட்டது. ஜப்பானியர்கள் சிப்பிகளை வளர்த்து, மலிவாக முத்து எடுக்கத் தொடங்கியதே அதற்கு முக்கியக் காரணம். உலகம் முழுவதும் அப்போது பணமுடையும் இருந்தது. துபாயில் பல குடும்பங்கள் பட்டினி கிடந்தன.

அதன் பிறகு எழுந்து நின்றது எப்படி?

1958-ல் ஷேக் ரஷீத் என்பவர் அரசரானார். ஊருக்குள் புகுந்து கிடந்த கடல் கழியில் மணல் அடைத்து, படகுகள் வர முடியாமல் இருந்தது. கையில் பணம் இல்லை. குவைத்திடம் கடன் வாங்கிக் கழியை ஆழப்படுத்தினார். வியாபாரம் பெருகியது. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது அதற்குப் பிறகு, 1966-ல்தான்!

எண்ணெய் ஒரு நாள் தீர்ந்து போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் எண்ணெய்ப் பணத்தைக் கொண்டு துறைமுகம் கட்டினார்கள், விமானம் விட்டார்கள், ஓட்டல்கள் எழுப்பினார்கள். இன்று துபாயின் வருமானத்தில் எண்ணெயின் பங்கு மிகச் சிறியது. வியாபாரமும் உல்லாசப் பயணிகளும்தான் முக்கிய வரும்படி.

இன்னொரு செய்தி தெரியுமா? 1966 வரை துபாய்க் கடைத்தெருவில் ஓடிய பணம் ரூபாய்தான்! வளைகுடா நாடுகளுக்கென்றே 1959-ல் நம் ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டு அச்சிட்டுக் கொடுத்தது. 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதன்பின் அவர்கள் ரூபாயை விட்டுவிட்டார்கள். இன்று அவர்கள் நாணயம் திர்ஹாம். ஒரு திர்ஹாம் வாங்க நாம் 20 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். காலம் செய்த கோலம்!

வானத்தைத் தொடும் கட்டிடம்

உலகத்திலேயே உயரமான கட்டிடம் துபாயில்தான் இருக்கிறது. பெயர் "புர்ஜ் கலீபா". 2010-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி திறக்கப்பட்டது. உயரம் 828 மீட்டர்.

இது எவ்வளவு உயரம்? தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம் 216 அடி. அதைப் போலப் பன்னிரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் இந்தக் கட்டிடத்தின் உச்சி எட்டாது!

124-வது மாடியில் பயணிகள் நின்று பார்க்க இடம் இருக்கிறது. மின்தூக்கி ஒரு நிமிட நேரத்தில் மேலே கொண்டு போய் விட்டுவிடும். காது மட்டும் "கும்" என்று அடைக்கும்.

கடலுக்குள் ஒரு சிறு தீவை உண்டாக்கி, அதன் மேல் ஓர் ஓட்டல் கட்டியிருக்கிறார்கள். "புர்ஜ் அல் அராப்" என்று பெயர். 1999-ல் திறந்தார்கள். 321 மீட்டர் உயரம். காற்றில் பாய் விரித்து நிற்கும் தோணியைப் போல இருக்கும். அந்த ஓட்டலில் ஒரு நாள் தங்கும் வாடகையை நம் ஊரில் சொன்னால் மயக்கம் வந்துவிடும்.

உவரித் தாயின் கணவர் 40 ஆண்டுகள் கடலுக்குப் போனவர். அந்த ஓட்டலை வெளியில் நின்று ஏற இறங்கப் பார்த்தாராம்.

"இந்தப் பாய்க்குக் காத்து வேண்டாம். காசு இருந்தாப் போதும்" என்றாராம்!

கடலில் ஒரு மரம்

அந்தத் தாய் நம்மிடம் சொன்ன மணல் அதிசயம் இதுதான்: "பாம் ஜுமைரா". கடலுக்குள் பேரீச்சை மரத்தின் வடிவத்தில் மனிதர்கள் உண்டாக்கிய தீவு. அடிமரம் போல ஒரு சாலை. இரு பக்கமும் ஓலைகள் போல நீண்ட மணல் திட்டுகள். அவற்றின் மேல் மாளிகைகள். சுற்றிலும் பிறை வடிவத்தில் கல் அணை.

2001-ல் வேலை தொடங்கியது. கொட்டிய மணல் 9 கோடியே 40 லட்சம் கன மீட்டர். போட்ட பாறை 70 லட்சம் டன்!

பக்கத்திலேயே பாலைவனம் இருக்கிறதே, அந்த மணலை அள்ளிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிட்டது. கடலில் போட்டால் ஒன்றோடு ஒன்று இறுகாது. ஆகவே கடலின் அடியில் இருந்தே மணலை உறிஞ்சி எடுத்து, கப்பலில் இருந்து வில் போலப் பீய்ச்சி அடித்து நிரப்பினார்கள்.

கல் அணை இடைவெளி இல்லாமல் அடைத்துக் கொண்டதால் உள்ளே தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடும் போலிருந்தது. பிறகு அணையில் இடைவெளி விட்டு, கடல் நீர் வந்து போக வழி செய்தார்கள். கடலைக் கட்டினாலும், மூச்சு விட இடம் கொடுக்கத்தானே வேண்டும்!

இங்கே நம் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். உவரி, கூடுதாழை, கூத்தங்குழி முதலிய ஊர்களில் கடல் கரையை அரித்துக் கொண்டு உள்ளே வருகிறது. தூண்டில் வளைவு வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அங்கே கடலில் புதிதாகத் தரை வருகிறது. இங்கே இருக்கிற தரை கடலுக்குள் போகிறது.

பாலைவனத்தில் பனிக்கட்டி

வெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். உள்ளே பனிக்கட்டி மலை! அதில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். பென்குவின் பறவைகள் நடந்து போகின்றன. 2005-ல் ஒரு பெரிய அங்காடிக்குள் உண்டாக்கிய பனி விளையாட்டு இடம் இது.

2008-ல் திறந்த "துபாய் மால்" என்ற அங்காடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். நடுவில் மாடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் சுறாவும் திருக்கையும் நீந்துகின்றன.

எல்லாரும் ஆச்சரியத்தோடு படம் பிடித்துக் கொண்டிருந்தார்கள். உவரித் தாய் மட்டும், "இந்தத் திருக்கை எங்க வலையிலே தினமும் வருமே!" என்று சிரித்தாராம்.

பிறகு பாலைவனச் சவாரி. லஹ்பாப் என்ற இடத்தில் மணல் குன்றுகள் சிவப்பாக இருக்கும். மோட்டார் வண்டி அதன் மேல் ஏறி இறங்கும்போது குடல் வாய்க்கு வந்துவிடும்.

ஆனால் சிவப்பு மணல் நமக்குப் புதிதா? குதிரைமொழித் தேரியும் செக்கச் செவேல் என்று கிடக்கிறதே! அங்கே பேரீச்சை, இங்கே பனை. அந்தப் பாலைவனத்தில் நிற்கும் "காப்" என்ற மரத்தை அமீரகம் தன் தேசிய மரமாக வைத்திருக்கிறது. அது வேறு ஒன்றும் அல்ல. நம் சிவன் கோவில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மரம்தான்!

ஏழைக்கும் இடம் உண்டு

"துபாயில் எல்லாவற்றுக்கும் காசுதானா?" என்று கேட்டோம். இல்லை.

பழைய ஊரில் கடல் கழியைக் கடக்க "அப்ரா" என்ற சிறு மரப்படகு ஓடுகிறது. கட்டணம் ஒரே ஒரு திர்ஹாம். காற்று வாங்கிக் கொண்டே போகலாம். கழிக்கரையில் மரத்தோணிகள் வரிசையாக நிற்கின்றன. தூத்துக்குடித் தோணிகளைப் பார்ப்பது போலவே இருக்கும். கடற்கரைகள் பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது. தங்கக் கடைத்தெருவில் கண்ணாடி வழியே பார்ப்பதற்கும் காசு இல்லை!

2009-ல் தொடங்கிய மெட்ரோ ரெயிலில் ஓட்டுநரே கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. ஆனால் ரெயிலில் எதையும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. தின்றால் 100 திர்ஹாம் அபராதம்!

கராமா என்ற பகுதியில் இட்லி, தோசை கிடைக்கும். ஊத் மேத்தா என்ற இடத்தில் உள்ள மரியன்னை ஆலயத்தில் தமிழில் பூசை நடக்கிறது. ஜெபல் அலியில் 2022-ல் பெரிய இந்துக் கோவில் திறக்கப்பட்டது. பள்ளிவாசல்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

மகன் படுக்கும் இடம்

இனி அந்தத் தாயின் வருத்தத்துக்கு வருவோம்.

அவருடைய மகன் குளிர்சாதன எந்திரம் பழுது பார்ப்பவர். 22 வயதில் துபாய்க்குப் போனார். 12 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் அனுப்பிய பணத்தில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஓட்டு வீடு, மாடி வீடானது.

பெற்றோரை வரவழைத்து, சிறிய ஓட்டலில் அறை எடுத்துத் தங்க வைத்தார். தினமும் ஓர் இடம் காட்டினார். எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் தாய் கேட்டது வேறு:

"நீ படுக்குற இடத்தைக் காட்டுய்யா."

"அது எதுக்கும்மா?" என்று மகன் மழுப்பினார். தாய் விடவில்லை. எட்டாவது நாள் கூட்டிக் கொண்டு போனார்.

தேரா என்ற பகுதியில் பழைய மாடிக் கட்டிடம். அதில் ஓர் அறை. ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். ஆறு பேர். மகனுக்கு மேல் கட்டில். அதற்குத்தான் மாத வாடகை. "பெட் ஸ்பேஸ்" என்று சொல்கிறார்கள். கட்டிலை மறைக்க ஒரு துணி. தலைமாட்டில் ஒரு பெட்டி. அதன் மேல் தங்கைகளின் கல்யாணப் படம்.

"போன்லே பேசும்போதெல்லாம் 'சௌகரியமா இருக்கேம்மா'ன்னுதான் தம்பி சொல்லுவான். பன்னிரண்டு வருஷமும் அதைத்தான் சொன்னான்" என்றார் அந்தத் தாய்.

அந்த அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் நாகர்கோவில். இருவர் மலையாளிகள். இருவர் நேபாளத்தார். தாய் ஒன்றும் பேசவில்லை. மகனை மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பினார். சீலா மீன் வந்தது. ஊரில் இருந்து கொண்டு போன புளியைக் கரைத்தார். ஆறு பேருக்கும் குழம்பு வைத்துப் பரிமாறினார். நேபாளத்துப் பையன் ஒருவன் சாப்பிட்டுக் கொண்டே கண்ணைத் துடைத்தானாம். "உறைப்பு" என்றானாம்!

ஒன்பதாவது நாள் புர்ஜ் கலீபாவில் ஏறினார்கள். 124-வது மாடி. கீழே கார்கள் எறும்பு போல ஊர்ந்தன. மகன் ஒரு திசையைக் காட்டினார். "அந்தக் கட்டிடத்திலே குளிர்காத்து வருதுல்லம்மா, அது நாங்க செஞ்ச வேலை" என்றார்.

"இதுக்கு முன்னே எத்தனை தடவை இங்கே ஏறியிருக்கே?" என்று தாய் கேட்டார்.

"இன்னிக்குத்தாம்மா முதல் தடவை" என்றார் மகன்.

ஆம். அந்தப் பகட்டு நகரத்தை எழுப்பியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில் இருந்து போன தொழிலாளர்கள். அவர்கள் வெயிலில் வாடாமல் இருக்க, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. சட்டம் வெயிலுக்கு நிழல் தரும். பிரிவுக்கு நிழல் தர முடியுமா?

போகிறவர்கள் கவனத்துக்கு

துபாய்க்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது. அப்போது வெயில் குறைவு.

பலகாரம் கொண்டு போகலாம். ஆனால் கசகசா கூடவே கூடாது! அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். தெரியாமல் கொண்டு போனாலும் வழக்கு வரும். மருந்து கொண்டு போனால் டாக்டர் சீட்டும் கையில் இருக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் சில வலி மாத்திரைகளுக்கு அங்கே தடை உண்டு.

அயலார் பெண்களையும் குடும்பங்களையும் கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது. சாலையைக் கண்ட இடத்தில் கடந்தால் அபராதம்.

வேலைக்குப் போகிறவர்கள் இதை முக்கியமாக நினைவில் வையுங்கள். "முதலில் விசிட் விசாவில் போ, பிறகு வேலை விசா வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள், குடியேற்ற அதிகாரியின் அனுமதி பெற்றுத்தான் அங்கே வேலைக்குப் போக வேண்டும். அரசாங்கத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று விசாரியுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். அங்கே போன பிறகு உங்கள் பாஸ்போர்ட் உங்களிடமே இருக்க வேண்டும். முதலாளி அதை வாங்கி வைத்துக் கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படியே தவறு.

"இன்னும் இரண்டு வருஷம்"

விமான நிலையத்தில் பிரியும் நேரம். "போதும்யா. ஊருக்கு வந்துரு. உனக்கும் ஒரு கல்யாணத்தைப் பண்ணிப் பார்க்கணும்" என்றார் தாய்.

"இன்னும் இரண்டே வருஷம்மா" என்றார் மகன்.

"முதல் தடவை பிளேன் ஏறும்போதும் இதையேதான் தம்பி சொன்னான்" என்று நம்மிடம் சொல்லி, அந்தத் தாய் கடலைப் பார்த்தார்.

கோவிலுக்கு வந்தவர்கள் இன்னும் மணல் சுமந்து கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. ஆனாலும் கடல் காற்று சிலுசிலு என்று வீசியது. அவருடைய முந்தானை படபடத்தது.

"துபாய் நல்ல ஊருதான் தம்பி. நான் குறை சொல்லமாட்டேன். என் மக்கமாரைக் கரை சேர்த்த ஊரு" என்றார்.

பிறகு சொன்னார்:

"ஆனா இங்கே காத்து சும்மா வருது பாருங்க. அங்கே அதுக்கும் என் மவன் வேலை செய்ய வேண்டியிருக்கு."